தலைவரின் உதட்டுப் புண்

சூடத்தைப் பற்றவைத்துவிட்டார்கள்.

தட்டை என் முன்னால் நீட்டியவன் சபாபதி, மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர். தலைவர் நான். இனிமேலும் நான்தான் தலைவரா என்பதை அந்தச் சூடம்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

எல்லாம் என் கீழுதட்டின் ஓரத்தில் வந்த புண்ணால்.

பெரிய புண்கூட இல்லை. நாலைந்து கொப்புளம் சேர்ந்து உடைந்து, பொருக்குத் தட்டி, துவரம்பருப்பு அளவுக்கு உட்கார்ந்திருந்தது. ஆனால் என் மூஞ்சியில் வேறு எதுவுமே இல்லாததுபோல எல்லாரும் அதைப் பார்த்தே பேசினார்கள்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், சாஆ பட்டணத்திலிருந்து நாலு மைல் உள்ளே இருக்கிறது. அந்த மாதம் அங்கே பதினோரு பேருக்கு இதே புண். பதினோரு பேரும் கள்ளுக்கடைக்குத் தவறாமல் போகிறவர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் தங்கரத்தினம் ஐயா வந்து பார்த்தார். இது எச்சிலில் தொற்றுவது, கடையில் எல்லாரும் ஒரே தகரக் குவளையில் வாய்வைத்துக் குடிப்பதால் வந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை இதே மாரியம்மன் கோயில் வாசலில் நின்று, கள் குடித்தவனை ஆத்தா உதட்டிலேயே அடையாளம் போட்டுக் காட்டிவிட்டாள் என்று முழங்கினேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

புதன்கிழமை எனக்கு வந்துவிட்டது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் விஷயத்தில் அந்தக் கேடு வாயிலேயே வந்து உட்கார்ந்தது.

தேங்காய் எண்ணெய் தடவினேன். மஞ்சளை அரைத்துப் பூசினேன். புண் பளிச்சென்று இன்னும் நன்றாகத் தெரிந்தது. மேலுதடாக இருந்தால் மீசையாவது காப்பாற்றியிருக்கும். பல்வலி என்று துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டேன். டிரெசர் ஐயா குறடோடு வந்து நின்றார். வெற்றிலைச் சுண்ணாம்பில் உதடு பொத்துவிட்டது என்று சொல்லலாம் என்றால், வெற்றிலையையும் விட்டொழித்தவன் என்று நானே மேடையில் சொல்லித் தொலைத்திருந்தேன்.

ஆனால் நான் கள்ளைத் தொட்டதே இல்லை. அந்த வாடை பட்டாலே எனக்குக் குமட்டும். அதனால் சூடம் என்றதும் எனக்கு நிம்மதிதான். தாராளமாகக் கையை நீட்டினேன்.

"சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க, தலைவரே" என்றான் சபாபதி. "அப்படியே இந்தப் புண்ணு உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னும் சொல்லிடுங்க."

கை பாதியில் நின்றது.

முந்நூறு பேர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கம் திரும்பினேன். முன்வரிசையில் என் மனைவி வெள்ளையம்மா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆறு வருஷமாக நான் பேசும் கூட்டத்தில் எல்லாம் அதே முன்வரிசைதான்.

கையை இழுத்துக்கொண்டேன்.

"குடிச்சேன்" என்றேன்.

முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு எழுந்த சிரிப்பில் கோயில் புறாக்கள் பறந்தன. புண்ணுக்காரர்கள் பதினோரு பேரும் என்னைக் கட்டிப்பிடிக்காத குறைதான். சபாபதி தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு என் நாற்காலியைப் பார்த்தான்.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து கருப்பாயி எழுந்தாள். வெள்ளையம்மாவும் அவளும் ஒன்றாக ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள்.

"குடிகாரனைக் கட்டிக்கிட்டு ஒருத்தி என்ன பாடுபடுவான்னு சபாபதிக்கு எப்படித் தெரியும்? வெள்ளையம்மாவே தலைவியா இருக்கட்டும்!"

பெண்கள் குலவையிட்டார்கள். ஆண்களில் எதிர்த்துப் பேச எவனுக்கும் துணிச்சல் இல்லை. வெள்ளையம்மாவைத் தூக்காத குறையாக முன்னால் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

பாவம், அழுகிறாள் என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவள் அழவில்லை. முந்தானைக்குப் பின்னால் ஒரு புண் இருந்தது. என்னுடையதைவிட மூன்று நாள் மூத்தது.

விடியற்காலையிலிருந்து பால் மரம் வெட்டி உடம்பு வலிக்கிறதாம். அதற்குக் கருப்பாயி கடையிலிருந்து அந்தத் தகரக் குவளையிலேயே வாங்கி, இலையால் மூடிக் கொண்டுவந்து கொடுப்பாளாம். புதன்கிழமை நான் துருவித் துருவிக் கேட்டபிறகுதான் சொன்னாள். கருப்பாயிக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. அவள் அண்ணாந்து குடிக்கிறவள்.

எனக்குக் கோபம் வந்தது. வலிக்கிறது என்று என்னிடம் சொல்லத் தோன்றவில்லையே என்று அதைவிடப் பெரிய வருத்தமும் வந்தது. ஆனால் அவள் உதட்டுப் புண் என் உதட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை மாரியம்மன் சந்நிதியில், முந்நூறு பேர் முன்னால், கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆனவன் எப்படிச் சொல்வது? குடிகாரன் என்ற பெயரே மரியாதையாகப் பட்டது.

புதிய தலைவியின் முதல் தீர்மானம், என்னைச் சங்கத்தை விட்டு நீக்குவது.

முந்தானையை எடுக்காமலே வெள்ளையம்மா கைநாட்டு வைத்தாள்.