கனவில் வந்து சொன்னான்

“நேத்து என் புள்ள கனவுல வந்தான்மா” என்று மாமியார் ஆரம்பித்தாலே மருமகள் உஷாராகிவிடுவாள். அன்றைக்குத் தனக்கு ஏதோ வேலை வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

உயிரோடு இருந்தவரை அவன் யாரையும் அதிகாரம் செய்தவனில்லை. போன பிறகுதான் அம்மாவின் கனவில் உட்கார்ந்துகொண்டு பெண்டாட்டிக்கு உத்தரவு போட்டான். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னானாம். நல்லதாக உடுத்தச் சொன்னானாம். சும்மா நிற்கிற ஸ்கூட்டரை ஓட்டப் பழகச் சொன்னானாம்.

கண்ணாடிக் கடையில் அவள் விட்ட வேலைக்குத் திரும்பப் போகச் சொன்னதும் அவன்தானாம். வெறும் வாயை மெல்லும் பக்கத்து வீட்டுக்காரிக்கு அவல் கிடைத்தது. பிள்ளை போய் ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் மருமகளைச் சம்பாதிக்க விரட்டுகிறாள் என்றாள்.

மருமகளுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் உள்ளே குடைந்தது வேறு. தினமும் அவனுக்காகவே தூங்கினாள். பனிமூட்டத்தில் நடப்பதுபோல ஒரு தூக்கம். எதிரே யாரோ வருவதுபோலிருக்கும். கிட்டே போனால் யாரும் இருக்கமாட்டார்கள். பெற்றவளிடம் வரத் தெரிந்தவனுக்குக் கட்டியவளிடம் வர வழி தெரியவில்லையா?

“அவன் சட்டையெல்லாம் யாருக்காவது குடுத்துடச் சொன்னான்மா” என்று மாமியார் சொன்ன அன்று அவளுக்குப் பொறுக்கவில்லை.

“எனக்குச் சொல்ல வேண்டியதை உங்ககிட்ட ஏன் அத்தை சொல்றாரு? எங்கிட்ட ஒரு தடவை வந்தா என்னவாம்?”

மாமியார் எழுந்து சமையலறைக்குப் போனாள். சற்று நேரத்தில் பாத்திரம் உருளும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், தலைசுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்சம் தெளிந்ததும் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். சோதித்து, மாமியாரை ஊசி போட்டுக்கொள்ள உள்ளே அனுப்பிவிட்டு, டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“பையன் போனதுலேர்ந்து இவங்களுக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல. மாத்திரை குடுத்தாலும் வேண்டாங்கறாங்க. ராத்திரி நீங்க எழுந்து அழுதா, ஒரு ஆளு முழிச்சிருக்கணுமாம்.”

“இல்லையே டாக்டர், தினமும் கனவு வருதுன்னு சொல்றாங்களே.”

“தூங்காதவங்களுக்கு எங்கேர்ந்தும்மா கனவு வரும்?”

திரும்பும் வழியெல்லாம் மாலை வெயிலில் தெரு அவள் கண்ணுக்குள் கரைந்து ஓடியது. முதுகில் சாய்ந்திருந்த மாமியாருக்குப் பஞ்சுக்கு இருக்கிற கனம்கூட இல்லை. இந்த மனுஷியையா சந்தேகப்பட்டோம் என்று அழுகை வந்தது.

அன்று அவளுக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. விடியும்வரை கண்ணைத் திறந்தபடியே கிடந்தாள். காலையில் மாமியாரிடம் போய் உட்கார்ந்தாள்.

“அத்தை, நேத்து அவரு என் கனவுல வந்தாரு.”

மாமியார் அவளையே பார்த்தாள்.

“என்னம்மா சொன்னான்?”

“‘அம்மாவைக் கொஞ்சம் தூங்கச் சொல்லு’ன்னாரு.”