ஆறாவது கேள்வி

நோர்வேத் தலைநகரின் புறநகரான அம்மருட்டில், ஒன்பதாம் மாடிச் சமையலறை மேசையில், நோர்வே இராணுவத்தின் ஊன இழப்பீட்டுப் படிவம் கிடக்கிறது. இன்று ஐந்து மணிக்குள் தபாலில் சேராவிட்டால் ஜெனுசனின் கோரிக்கை காலாவதியாகிவிடும். அந்த இராணுவத்தின் சிப்பாயாகப் போன ஆப்கானிஸ்தானில் வெடித்த கண்ணிவெடி அவனுடைய இடது காதைச் செவிடாக்கியிருக்கிறது. வலது கை ஓயாமல் நடுங்குகிறது. அதனால் தாய் அனஸ்ரேசியா எழுதுகிறாள். வெளியே பனியில் பட்டுத் தெறித்த வெயில் சமையலறையின் உட்கூரையில் வெள்ளையாக அசைகிறது. கீழே ரயில் கிறீச்சிட்டு நிற்கிறது. அவன் தோள் துள்ளுகிறது. ஆறாவது கேள்வி, என்ன நடந்தது என்பது. அவள் எழுதியதை எட்டிப் பார்க்கிறான். வாகன விபத்து என்றிருக்கிறது. “என்னம்மா இது? துவக்காலை சுட்ட சண்டை, கண்ணிவெடி எண்டெல்லோ சொன்னனான்!” “துவக்கெண்டு எழுதமாட்டன். அகதி விண்ணப்பத்திலை அந்தச் சொல்லே வரக்கூடாது, வந்தால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தவை. நானும் அப்பாவும் முப்பது வருசமா ஒரு பேப்பரிலையும் எழுதேல்லை.” “இது நோர்வே ஆமி தந்த துவக்கு, அம்மா. எழுதாட்டித்தான் ஒண்டும் கிடையாது.” “தந்தவங்கள்தான் பிறகு கேள்வி கேப்பாங்கள்.” அவன் மேசையில் குத்துகிறான். கோப்பையில் கோப்பி தளும்புகிறது. அவள் படிவத்தை மட்டும் தூக்கிக் காப்பாற்றுகிறாள்.

பிறகு வாகன விபத்தை ஒரே கோட்டால் வெட்டுகிறாள். அவன் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். துவக்கு வரும் இடத்தில் எழுத்து சிறுத்துப்போகிறது. எழுதி முடித்ததும், கேட்கும் காதுப் பக்கம் குனிகிறாள். “நீ ஆரையும் சுட்டனியோ?”

“அந்தக் கேள்வி இதிலை இல்லையம்மா” என்று அவன் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறான்.