ஒற்றைச் செருப்பு

வலது முட்டி விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் மச்சாது நொண்டவில்லை. நொண்டினால் நடிக்கிறான் என்பார்கள். போன வருஷம் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தின் நடுவில் முட்டியைப் பிடித்துக்கொண்டு அவன் வெளியேறியபோது ஊரே அப்படித்தான் சொன்னது. கூட்டத்திலிருந்து பறந்து வந்த பச்சை ரப்பர் செருப்பொன்று அவன் கன்னத்தில் விழுந்தது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனான். இன்றைக்குக் கடைசி நொடியில் அவன் போட்ட பந்தில்தான் ஊர் அணி கோப்பையை வென்றது. தோளில் தூக்க ஓடி வந்தவர்களை விலக்கிவிட்டு, அந்தச் செருப்பை உயர்த்திப் பிடித்தபடி கூட்டத்துக்குள் ஏறினான்.

“இது யாருது? தைரியமிருந்தா வந்து வாங்கிக்கிடுங்க!”

ஆரவாரம் அடங்கியது. ஆளாளுக்குக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். உப்பளத்தில் வேலை செய்யும் பேச்சித்தாய் மட்டும் எழுந்து, உப்பு தின்ற பாதத்தை முன்னால் நீட்டினாள்.

“என்னுதுதாம்ல. கொண்டா.”

“இப்பவாவது நான் ஆட்டக்காரன்னு ஒத்துக்கிடுதியாக்கா?”

“ஒன் ஆட்டத்த நான் என்னைக்குல கொறை சொன்னேன்? இப்பக்கூடக் கை வலிக்கத் தட்டினேன்.” செருப்பை வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டாள். “போன வருஷம் வெளிய போகும்போது எங்களப் பாத்து, ‘உப்பு அள்ளுற சனத்துக்குப் பந்தாட்டம் என்ன தெரியும்’னு கேட்டியே, அதுக்குத்தான் எறிஞ்சேன். கப்பு வந்துட்டு. மன்னிப்புல்லா இன்னும் பாக்கி நிக்கு.”