நான்காவது புள்ளி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்றைக்கு ஒரு வெளிச்சத்தின் கதை சொல்கிறேன். சின்னக் கதைதான். காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்கிற ஒருத்தி, ரத்தம் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலைத் திறந்துவிட்டாள்.

நான்காம் எண்ணுக்கு நேரே தம்பியின் பெயர் இருந்தது. இசக்கிராஜ்.

இன்னொரு தடவை பார்த்தாள். அதே பெயர்தான்.

நன்றி எழுதத்தான் திறந்தாள், பாவம். ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், ரத்தம் கொடுத்த ஆறு பேருக்கு நன்றி சொல்ல வேண்டும். நோயில்லாத ஆறு பேர். அளந்து முடிக்கும்வரை அவர்கள் வெறும் எண்கள். ஆறில் ஒருவன் தம்பி என்று அவளுக்குத் தெரியும். கெஞ்சி அழைத்து வந்தவளே அவள்தான். எந்த எண் என்றுதான் தெரியாது.

நன்றி ஆறு பேருக்கு.

கட்டுரையின் வரைபடத்தில் அவர்களுக்கு ஆளுக்கொரு புள்ளி. இருப்பதோ ஐந்து புள்ளிகள்.

அவள் என்ன வேலை செய்தாள் என்று கேட்பீர்கள். டி.என்.ஏ இழைகளை ஒன்றோடொன்று கோத்து ஒரு குட்டி விளக்குச் செய்தாள். கண்ணுக்குத் தெரியாத விளக்கு. உயிரோடிருக்கும் செல் அதைத் தானே விழுங்கும். செல்லுக்குள் கழிவைச் செரிக்கிற சின்னப் பை ஒன்று உண்டு. விளக்கு அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அதில் இரண்டு சாயங்கள். சிவப்பு எப்போதும் ஒரே மாதிரி எரியும். பச்சை அப்படியில்லை. பையில் உப்பு சரியாக இருந்தால் அடங்கிக் கிடக்கும். உப்பு குறைந்தால் தலைதூக்கும்.

அடங்கிக் கிடந்தால் சுகம்.

பளிச்சென்று எரிந்தால் நோய்.

நோயாளிகளின் செல்கள் எரிந்தன. நோயில்லாதவர்களின் செல்கள் அடங்கிக் கிடந்தன. நான்காவதைத் தவிர.

நான்காவது, கோயில் கொடைவிழாவுக்குப் போட்ட சீரியல் விளக்கு மாதிரி எரிந்தது.

சாயம் கூடிப்போயிருக்கும் என்று நினைத்தாள். நினைத்தாள் என்பதா, அப்படி நினைத்தால் சௌகரியம் என்பதா. சாயம் கூடியிருந்தால் சிவப்பும் கூடியிருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளத்தானே சிவப்பை வைத்ததே. வைத்தவளும் அவளே.

சிவப்பு சரியாகத்தான் இருந்தது.

‘சாம்பிள் பழுது’ என்று எழுதினாள். குப்பியைக் கழிவுப் பெட்டியில் போட்டாள். மிச்ச ஐந்து புள்ளிகளும் கீழே ஒன்றையொன்று ஒட்டி நின்றன. பார்க்க அவ்வளவு அழகு. கூட்டத்தில் காட்டியபோது கைதட்டினார்கள்.

அது நடந்து பதினெட்டு நாள்.

கழிவு செரிக்காமல் தேங்கும் அந்த நோயில், ஊசி குத்தின இடம்கூட லேசில் ஆறாமல் கறுத்துக் கிடக்கும். அதற்கு மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. இதைக் கட்டுரையின் முதல் வரியாக எழுதியிருந்தாள்.

பதினெட்டு நாளும் அவளுக்கு அந்தப் புள்ளிமேல் எரிச்சல்தான். வரிசையைக் கெடுத்த புள்ளி. அது ஒரு ஆள் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

சரி, வேறு யாரோ ஒருவர் பெயர் அங்கே இருந்திருந்தால்?

பட்டியலை இன்னொரு தடவை பார்த்திருப்பாளா?

பதில் தெரிந்துதான் இருந்தது.

பிறகு படத்தைத் திறந்தாள். நான்காவது புள்ளியை, அது விழுந்த இடத்திலேயே வைத்தாள். உயரத்தில், தனியாக. படத்தின் அழகு போயிற்று.

ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடத்துக்கு ஒரு வரி எழுதினாள். ‘ஆறு பேரில் ஒருவரை நான் எடுத்துவிட்டேன், காரணம் பொய்.’ அனுப்பினாள்.

அது சுலபமான பாதி.

கைபேசியை எடுத்தாள். தம்பி மினிபஸ் ஓட்டுகிறவன். இந்நேரம் வண்டி பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றிக்கொண்டு நிற்கும்.

“எக்கா, பேப்பர்ல எம் பேரு வந்துட்டா? ஏறுறவங்க எறங்குறவங்க எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன். மானத்த வாங்கிராத.”

“ஏல, ரத்தம் எடுத்தாங்கல்லா, அந்த இடம் சரியாயிட்டா?”

“எங்க! நாவப்பழம் கணக்கா அப்படியே கறுத்துக் கெடக்கு. அந்த நர்ஸம்மா இதுக்கு முன்னால சாக்கு தச்சுக்கிட்டு இருந்தாவளோ?”

அவன் சிரித்தான். பின்னால் நடத்துநர் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்.

“என்னக்கா, இதக் கேக்கவா போன் பண்ணுன? வண்டி எடுக்கணும், சீக்கிரம் சொல்லு.”

“வண்டிய எடுக்காத.”

“ஏன்?”

“எறங்கி நெழல்ல உக்காரு.”

இன்ஜின் சத்தம் நின்றது. கதவு சாத்தும் சத்தம். யாரோ அவனை ஏதோ கேட்டார்கள். “செத்த இருங்க” என்றான்.

“உக்காந்துட்டேன்” என்றான். “சொல்லுக்கா.”

உங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் எண்ணாகிப் போகாமல் இருக்கட்டும், கண்ணுகளா. சொல்ல வேண்டியதை நேரத்தில் சொல்லும் வாயும், உட்கார்ந்து கேட்கும் காதும் உங்கள் வாசலுக்குள் நிலைக்கட்டும். குழந்தை குட்டியோடு சுகமாக இருங்கள்.