முந்திரிப் பெட்டி

பங்குத் தரகர் ஒருவரின் அலுவலகப் பரணில் வளர்ந்த சுண்டெலி, கூட்ஸ் ஷெட்டுக்குக் குடிவந்தது. தரகர் தினமும் போனில் கத்துவது அதற்கு மனப்பாடம்: "நாலு பேர் வாங்கி விக்கிற பங்கா பாருங்க. காலையில ஏறுங்க, சாயங்காலத்துக்குள்ள இறங்கிடுங்க."

இனி இரை தேடுவதும் இப்படித்தான் என்று சுண்டெலி உறுதியாக முடிவுகட்டியது. விடிந்ததும் சரக்கு ரயிலின் பெட்டிகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தது. அரிசிப் பெட்டியின் கதவு அகலத் திறந்திருந்தது. எலிகளும் அணில்களும் போவதும் வருவதுமாக இருந்தன. அடுத்த பெட்டிக்கு யாருமே போகவில்லை. கதவில் விரலளவுதான் இடுக்கு. ஆனால் உள்ளேயிருந்து வந்த முந்திரி வாசனை ஆளைத் தூக்கியது.

"அரிசிக்கே வா மாப்ளே," என்றது அணில். "முந்திரியில வயிறு ரொம்பிட்டா அந்த இடுக்குல வெளிய வர முடியாது."

"எஞ்சின் கூவுறதுக்குள்ள இறங்கிடுவேன். எனக்குப் பாடம் தெரியும்," என்று சுண்டெலி முந்திரிப் பெட்டியின் இடுக்கில் நுழைந்தது.

சாயங்காலம் எஞ்சின் கூவியது. இடுக்கில் சுண்டெலியின் தலை வந்தது, வயிறு வரவில்லை. ரயில் நகர்ந்தது.

"குதி மாப்ளே, குதி!" என்று அணில் கூடவே ஓடியது.

சுண்டெலி மீசையை நீவிக்கொண்டது.

"எதுக்குக் குதிக்கணும்? நான் ஏறினதே நெடுந்தூரம் போகத்தான்!"