பயறுக் கட்சிக்காரர்

“பத்து கிலோ மாட்டுக்கறியில இல்லாத சத்து ஒரு புடி பச்சைப்பயிறுல கீது!” என்று அன்புராஜ் மேசையைக் குத்தினார். நர்மதா கொண்டுவந்திருந்த சாம்பிள் டப்பா ஒரு துள்ளுத் துள்ளி அடங்கியது.

நர்மதாவுக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பயறை அரைத்துக் ‘கறி’ செய்யும் கம்பெனியில் அவள் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. இன்றைக்கு இந்த ஊரில் இருபது ஏக்கருக்காவது பயறு ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். ஆகாவிட்டால் நாளையிலிருந்து அவள் மீஞ்சூரில் ரயில் ஏற வேண்டிய அவசியமே இருக்காது என்று மேனேஜர் சந்திரமோகன் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

கூடவே இலவசமாக ஒரு யோசனையும் கொடுத்திருந்தார். “நமக்கு ஆதரவா யாரு சத்தமா பேசறாங்களோ, அவரைப் பிடிச்சுக்கோ. மத்தவங்க தானா வந்துடுவாங்க.”

சத்தத்துக்குக் குறைவே இல்லை. ஊராட்சிக் கட்டடத்தில் முப்பது விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள். அன்புராஜ் ஒருவரே அறுபது பேருக்குச் சமமாகக் கத்திக்கொண்டிருந்தார்.

“டப்பாவுல கொண்டாந்தியே, அதுக்குப் பேரு கறியாம்மா?” என்று எழுந்தார் துளசிராமன். நெற்றியில் பளிச்சென்று நாமம். முழங்கை வரைக்கும் புதிதாய் முள் கீறல். “உலகமே பீஃப் துன்னுது. துன்னட்டும்! நம்ம ஊரு மாடுங்க மொத்தமும் லாரி ஏறட்டும். நானே கற்பூரம் ஏத்தி அனுப்பி வைக்கிறேன்!”

“நீங்க பீஃப் சாப்பிடுவீங்களா சார்?”

“ஐய, பெருமாளே! எங்க ஊட்டுல முட்டைகூட ஒடைச்சதில்ல. நான் துன்னுறனா இல்லியான்றதா பேச்சு? துன்னுறவங்க வயிறார துன்னட்டும்ன்றேன்.”

நாமம் போட்டுக்கொண்டு மாட்டுக்கறிக்கு வக்காலத்து வாங்கும் மனிதரை நர்மதா இப்போதுதான் பார்க்கிறாள். மாட்டு வியாபாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினாள். வியாபாரம் என்று வந்துவிட்டால் பெருமாளும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்க வேண்டும் போலிருக்கிறது.

“கேரளாவுல பரோட்டாவுக்கு இன்னா, பயிறா தொட்டுக்கறான்?” என்றார் துளசிராமன்.

“நாளைக்கு அவனும் தொட்டுப்பான்!” என்றார் அன்புராஜ்.

“யோவ் அன்பு, ஞாயித்துக்கெழம உன் ஊட்டுல இன்னா கொழம்பு?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஆடு வேற, மாடு வேற! கம்முனு உக்காரு!”

அன்புராஜ் டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார். செருப்பு வாரை மசாலா தடவி வறுத்த மாதிரி இருக்கும் என்பது நர்மதாவுக்கே தெரியும். அவரோ, “ஆஹா!” என்றார்.

பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “எல்லாரும் பயிறு போடுங்கப்பா. நெல்லு அறுத்த ஈரத்துலயே வெதைச்சி வுட்டா போதும். தண்ணி வாணாம், மருந்து வாணாம், வேலி வாணாம். வாயில்லாத ஜீவனை வெட்டுற பாவத்தை எங்க போய்த் தொலைக்கறது?” நிஜமாகவே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதைப் பார்த்து நர்மதாவுக்கும் கலங்கியது.

“வேலி வாணாமா?” துளசிராமன் ஓர் அடி முன்னால் வந்தார். “இன்னா தெனாவெட்டு பாத்தியா இவனுக்கு! பயிறு போட்டு யாரு வயித்த ரொப்பச் சொல்ற?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. துளசிராமனைத்தான் ஊரே கேலி செய்கிறது என்று நர்மதாவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

“சார், கொஞ்சம் உக்காருங்க.”

“உக்கார்றதுக்கு வரலம்மா. மொதல்ல மாடுங்க லாரி ஏறட்டும், அப்பால பயிறப் பத்திப் பேசலாம். நான் இன்னா சொல்ல வர்றேன்னா…”

“இது பயறு விவசாயிகள் கூட்டம் சார். மாட்டைக் கறிக்கு அனுப்பறவங்களுக்கு இங்க வேலை இல்ல. நீங்க கெளம்பலாம்.”

துளசிராமன் வேட்டியை மடித்துக் கட்டினார். “நல்லா இரும்மா,” என்று சொல்லிவிட்டு வாசலில் போய்ச் செருப்பைத் தேடினார். அவருடைய பங்காளிகள் பதினைந்து பேரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

கட்டடத்தில் பாதி காலி. மாட்டு வியாபாரிக்கு இத்தனை பெரிய குடும்பமா என்று நர்மதா ஒரு கணம் யோசித்தாள். போனால் போகட்டும் என்று ஒப்பந்தத் தாளை அன்புராஜ் முன்னால் விரித்து, பேனா மூடியைக் கழற்றி நீட்டினாள். வேலை தப்பித்தது.

“முதல் கையெழுத்து உங்களோடதுதான் சார். எத்தனை ஏக்கர் பயறு போட்டிருக்கீங்க?”

அன்புராஜ் பேனாவைத் தொடவில்லை. தலையைச் சொறிந்துகொண்டே வாசலைக் காட்டினார்.

“எனக்கு ஏது மேடம் நெலம்? இப்ப வெளிய போனாரே, அவரும் அவரு பங்காளிங்களும்தான் இருபது ஏக்கராவுல பயிறு போட்டுக்கினு கீறாங்க.”

“அப்ப நீங்க?”

“பதினோரு மாடு வச்சினு கீறேன் மேடம். டெய்லி அவரு பயிறுலதான் மேயுது.”