நனையக்கூடாத கை

அந்தக் கை மட்டும் நனையக்கூடாது.

அவள் அதைத் துணியில் சுற்றி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே பொத்தி வைத்திருந்தாள். குருவிக்குஞ்சு அளவுதான் இருந்தது. துணிக்குள் விரல்கள் அசைந்தன.

தம்பி. இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

அப்பா அவனை இடது கையில் ஏந்திக் கல்தொட்டியின் மேல் நீட்டியிருந்தார். எதிரே பாதிரியார். பின்னால், அந்தச் சின்னக் கோயில் கொள்ளாமல் வாசல் மழையிலும் நின்றார்கள் அப்பாவின் ஆட்கள். ஈரக் கம்பளியின் வாடை. எல்லோருடைய கண்ணும் அவள் கைமேல்தான்.

ஸ்காட்லாந்து அரசர் லண்டனுக்குக் குடிபோய்விட்டார். அவருடைய சட்டம் இந்த மலையேறி வருவதில்லை. இங்கே சட்டம் என்றால் அப்பா. குலத்தலைவர். அவர் குரல் கேட்டால் மலைக்கு அந்தப் பக்கத்து நாய்கூட வாயை மூடும் என்பார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் இருப்பது பகையாளிக் குலம். யாருடைய மாட்டை யார் முதலில் ஓட்டிக்கொண்டு போனது என்று யாருக்கும் நினைவில்லை. பகை மட்டும் மிச்சம்.

அதனால் இந்தக் குலத்து ஆண்பிள்ளைக்கு ஞானஸ்நானம் இப்படித்தான். தலை நனையலாம். மார்பு நனையலாம். வலது கை கூடாது. தண்ணீர் பட்ட கை ஆண்டவருடையது. அது கொல்லத் தயங்கும். படாத கை குலத்துடையது. அது வெட்டினால் பாவம் இல்லை.

துணியைப் பிடிப்பது வீட்டுப் பெண்ணின் வேலை. தாத்தா காலத்தில் ஒருத்தி நழுவவிட்டாளாம். துடுப்பில்லாத படகில் ஏற்றிக் கடலில் தள்ளிவிட்டார்களாம்.

"கெட்டியாப் பிடிம்மா," என்றார் பின்னால் நின்ற டூகல் சித்தப்பா. "விட்டியோ, நம்ம வீட்ல வளர்றது இன்னொரு பாதிரி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாதிரியாரும் சிரித்துவைத்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வயது பதினான்கு.

ஆலஸ்டேர் அண்ணனின் கை நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

இலையுதிர் காலத்தில் சண்டைக்கு மலையேறிப் போனவன் ஒரு கதவுப் பலகைமேல் திரும்பி வந்தான். அம்மாவும் அவளும்தான் குளிப்பாட்டினார்கள். வலது கை மூடியே இருந்தது. வெந்நீர் ஊற்றி, விரல் விரலாக அவள்தான் பிரித்தாள்.

உள்ளே ஒரு பிடி புல் இருந்தது.

தண்ணீர் பட்ட மற்ற உடம்பெல்லாம் ஆண்டவரிடம் போய்விட்டது. இந்தக் கை எங்கே போகும்?

அவள் யாரிடமும் கேட்கவில்லை. யாரிடம் கேட்பது?

பாதிரியார் தண்ணீரை அள்ளித் தம்பியின் தலையில் ஊற்றினார். லாக்லன் என்று பெயர் சொன்னார். தம்பி சிணுங்கினான்.

இரண்டாவது முறை.

துணிக்குள்ளிருந்து ஒரு விரல் அவள் உள்ளங்கையைச் சுரண்டியது. வெளியே வரப் பார்க்கிற மாதிரி.

மூன்றாவது முறை பாதிரியார் அள்ளியபோது, அவள் துணியை உதறிவிட்டு, அந்தக் கையைத் தண்ணீருக்குக் கீழே நீட்டினாள்.

தம்பி விரல்களை விரித்தான். உள்ளங்கை நிறைந்து வழிந்தது.

துணி தரையில் விழுந்தது.

"அண்ணா," என்றார் சித்தப்பா.

அவள் தலை நிமிரவில்லை. கடல் எவ்வளவு குளிரும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா நனைந்த கையைப் பார்த்தார். தரையில் கிடந்த துணியைப் பார்த்தார். பிறகு அவளை. வெகுநேரம்.

"துணி நல்லா இறுக்கமாத்தான் சுத்தியிருக்கு," என்றார். குரலை உயர்த்தவில்லை. "மேல சொல்லுங்க சாமி."

சித்தப்பா வாயைத் திறந்தார். துணி அவருடைய காலடியில்தான் கிடந்தது. அதைப் பார்த்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா," என்றார் கடைசியில். "இறுக்கமாத்தான் இருக்கு."

அவருக்குப் பின்னால் நின்றவர் தலையாட்டினார். அவருக்கும் பின்னால் நின்றவர். அப்படியே வாசல்வரை. மழையில் நின்றவர்கள்வரை.

அப்பா சொன்னால் இந்த ஆட்கள் நெருப்பில் இறங்குவார்கள். அது அவளுக்குத் தெரியும். கண்ணெதிரே கிடப்பதையும் காணாமல் நிற்பார்கள் என்று தெரியாது. மலை ஓரடி நகர்ந்து அவளுக்கு வழிவிட்ட மாதிரி இருந்தது. படகை நினைத்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு பயம் வரவில்லை.

தம்பி இப்போதுதான் வீறிட்டான்.

அப்பா அந்த ஈரக் கையை, என்றோ துணி சுற்றி நனையாமல் காத்த தன் வலது கைக்குள் எடுத்துக்கொண்டார். துடைத்துவிடுவார் என்று நினைத்தாள்.

துடைக்கவில்லை.

பாதிரியார் ஆமென் சொல்லும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அவருடைய மணிக்கட்டில் இறங்கிச் சட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது.